டெஸ்போவின் முற்றத்தில் மாற்றம் எதுவும் இல்லை

1974 ஆகஸ்டில் டெஸ்போ அடுப்பில் ஏற்றிய காப்பி பொங்குவதற்கு இருபத்தொன்பது வருடம் ஆனது. விறகு ஈரமில்லை. பாத்திரமும் சின்னதுதான், ஒரு கோப்பைக்கு மேல் பிடிக்காத, நீளக் காம்பு வைத்த செம்புக் குடுவை. கிரேக்கரும் துருக்கியரும் சேர்ந்து வாழ்ந்த எங்கள் தீவு ஊர் பெட்ரோமிலியில் இதற்கு யாரும் பெரிதாகக் காரணம் தேடவில்லை. ராணுவம் ஒரு வார்த்தையைச் சொன்னது, முற்றம் அந்த வார்த்தைப்படி நடந்துகொண்டது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வடக்கே இரண்டு ஊர் தள்ளிக் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கிரேக்க வீடுகள் எல்லாம் டிராக்டரிலும் கழுதையிலும் ஏறித் தெற்கே கிளம்பிவிட்டன. டெஸ்போ மட்டும் கிளம்பவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி மூன்று வருடம். அவள் கணவன் லோய்ஸோஸ் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய ஏணியைப் பின்வீட்டு நியாஸிக்கு இரவல் கொடுத்துவிட்டான். அவள் அப்பா தன் கையால் பைன் மரத்தில் செய்து சீதனத்தோடு அனுப்பிய ஏணி அது. முற்றத்து அத்திமரத்தின் உச்சியில் பழம் கனிந்து பிளந்திருந்தது. குருவி கொத்திக்கொண்டிருந்தது. ஏணி நியாஸியின் கூரையில் சாய்ந்திருந்தது. நியாஸி துருக்கிக்காரன், லோய்ஸோஸுடன் சேர்ந்து வளர்ந்தவன், நல்லவன், ஆனால் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது அவனுக்கு உடம்புக்கு ஆகாது. நாளைக்குத் தருகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"குண்டு விழுது டெஸ்போ, வா."

"ஏணி வந்துச்சா?"

"இப்பப் போய் ஏணியா? உயிரோட இருந்தா நூறு ஏணி செய்யலாம்."

"செய்யி. செஞ்சு அதையும் இரவல் குடு."

பிறகு அவள் முற்றத்து அடுப்பில் குடுவையை வைத்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொன்னாள். "ஏணி இந்த முற்றத்துக்குள்ள வர்ற வரைக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்." கோபத்திலும் அவள் வைத்தது அவனுடைய காப்பியைத்தான். லோய்ஸோஸ் டிராக்டரைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று வாசல் தாண்டி வெளியே போனான். அந்த நேரத்தில்தான் போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. பீரங்கி வண்டிகள் எல்லோரும் நினைத்ததைவிட வேகமாக வந்திருந்தன. துருக்கி ராணுவம் நியாஸியின் பின்சுவரில் நின்றது. எங்கள் கிரேக்கப் பக்கத்து ராணுவம் லோய்ஸோஸின் வாசலில் நின்றது. நடுவில் முற்றம், அத்திமரம், அடுப்பு, டெஸ்போ.

மறுநாள் சமாதானப் படையின் நீலத்தொப்பிக்காரர்கள் வந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த காப்டன் ஹோல்ம், வெயிலில் கழுத்து சிவந்த பொறுமைசாலி, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தார் டிரம்மை எல்லைக்கு வைத்து, கம்பி இழுத்து, நடுவில் நின்று ராணுவத்தின் வார்த்தையைச் சொன்னார்: பஃபர் ஸோன். மோதலை இரண்டு பக்கமும் தட்டாமல் தாங்கிக்கொள்ளும் இடம் என்று அதற்குப் பொருள். நியாஸியின் பக்கம் அதை நடு இடம் என்றார்கள். நாங்கள் செத்த மண்டலம் என்றோம். பெயரில் ஒற்றுமை வராது என்று தெரிந்து ஹோல்ம் விளக்கத்தை மட்டும் பொதுவாகக் கொடுத்தார். "சண்டை நின்ன நிமிஷத்துல இங்க எது எப்படி இருந்துச்சோ அது அப்படியே இருக்கணும். எதையும் சேர்க்கக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது. எதையும் மாத்தக் கூடாது." அவர் மணல் மூட்டைகளை மனதில் வைத்துச் சொன்னார். ஆனால் மணல் மூட்டைகளை மட்டும் என்று சொல்லவில்லை. முற்றம் அதைக் கேட்டுக்கொண்டது.

காப்பி விளிம்புக்கு அரை விரல் கீழே நுரைகட்டி நின்றது. விறகு எரிந்தது, தீரவில்லை. சண்டை நின்ற நிமிஷத்தில் டெஸ்போவின் செவலைக் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது, அது பாதியில் நின்றது. கோழி அதைப் பற்றித் தன் கருத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. குருவி அத்திப்பழத்தைக் கொத்திக்கொண்டே இருந்தது, பழம் குறையவில்லை, குருவிக்கு வயிறும் நிறையவில்லை. சூரியன் மட்டும் வழக்கம்போல உதித்து மறைந்தது, அது யாருடைய உத்தரவிலும் இல்லை. டெஸ்போ முதுகைக் காட்டி நின்றாள். காப்பியும் ஆறவில்லை, கோபமும் ஆறவில்லை.

லோய்ஸோஸ் கம்பியருகே வந்து ஹோல்மிடம் பணிவாகக் கேட்டான்.

"சார், அது என் பொண்டாட்டி. கூட்டிட்டுப் போயிடறேன்."

"எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"அப்ப நான் உள்ள போறேன்."

"சேர்க்கக் கூடாதுன்னும் சொன்னேன்."

"ஏணியையாவது உள்ள விடுங்க."

"எந்த ஏணி?"

கதையைக் கேட்டு ஹோல்ம் சிரித்தார். சுற்றி யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். அவருக்கும் ஊரில் மனைவி இருந்தாள். டெஸ்போ தானாக நடந்து வெளியே வந்தால் தான் அந்தச் சமயம் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சொன்னபடி மலையைப் பார்த்தும் நின்றார். டெஸ்போ திரும்பாமல் "ஏணி வந்துச்சா?" என்றாள். வரவில்லை என்றதும் அடுப்பை ஊதினாள். கோபம் தணிந்தால் அவள் வருவாள். தணிவது மாற்றம். மாற்றம் கூடாது. ஏணி வந்தாலும் வருவாள். ஏணி வருவது சேர்ப்பது. சேர்ப்பதும் கூடாது. ஹோல்ம் இதைத் தன் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டார். விளக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஊர் இரண்டு வாரத்தில் திரும்பிவந்தது, அதாவது தெற்குப் பாதி. வந்ததும் முற்றத்தின் பயனைக் கண்டுபிடித்தது. பெண்கள் பால் குடத்தைக் கம்பிக்கு அடியில் தள்ளி வைத்தார்கள், பால் ஒரு மாதம் திரியவில்லை. ஹலூமிப் பாலாடைக் கட்டியை ஆளுயரக் குச்சியில் கட்டி உள்ளே நீட்டினார்கள். மீன் விற்பவன் ஐஸ் வாங்குவதை நிறுத்தினான். வடக்குப் பாதியும் சும்மா இருக்கவில்லை, அந்தப் பக்கமிருந்தும் தயிர்ச் சட்டிகள் வந்து நின்றன. நீலத்தொப்பிக்காரர்கள் ஒவ்வொரு சட்டியையும் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ராணுவத்திடமும் கண்டனம் தெரிவித்து, எந்தப் பக்கத்துச் சட்டியோ அந்தப் பக்கத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். ரோந்து வந்த சிப்பாய்களுக்கு முற்றத்தில் இருக்கும்வரை தாடி வளரவில்லை. இதைக் கேள்விப்பட்டுத் தலைநகரிலிருந்து அதிகாரிகளின் மனைவிமார் அங்கே காலாற நடக்க அனுமதி கேட்டார்கள். டெஸ்போ திரும்பாமலே செருப்பைக் கழற்றி எறிந்தாள். செருப்பு வெளியே போய் விழுந்தது. அது குறைப்பது ஆகாதா என்று துருக்கித் தரப்பு ஆறு மாதம் விவாதித்தது. கடைசியில் ஹோல்ம் அதைத் தன் கையால் எடுத்துவந்து அவள் காலருகே வைத்தார்.

லோய்ஸோஸ் தெருக்கோடியில் தன் அப்பா யாகூமிஸின் வீட்டில் தங்கிக்கொண்டான். தினமும் சாயங்காலம் கம்பியருகே வருவான்.

"டெஸ்போ."

"ஏணி வந்துச்சா?"

"இல்ல."

"அப்பப் போ."

இதே நான்கு வரி. ஊரில் பிள்ளைகள் இதைப் பாட்டாகப் பாடிப் பந்து விளையாடினார்கள். அவளுக்கு அது ஒரே சாயங்காலம்தான். அவளைப் பொறுத்தவரை அவன் போவதும் வருவதுமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். "ஒரு காப்பி பொங்கறதுக்குள்ள எத்தன தடவ கூப்பிடுவே?" என்று ஒருமுறை கேட்டாள். அப்போது 1978. லோய்ஸோஸ் அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே வயதானான். பின்னலில் ஒரு முடி நரைக்கவில்லை. அவனுக்கு மீசையில் தொடங்கியது. அடுத்த வருடம் யாகூமிஸ் இறந்தார். அன்றும் சாயங்காலம் போய் நின்றான், அப்பா இறந்ததைச் சொல்லவில்லை. முதுகிடம் சொல்லக்கூடிய செய்தியாக அது அவனுக்குப் படவில்லை.

பாதிரியார் சாவாஸ் நல்ல எண்ணத்தோடு ஒருநாள் அவனைக் காப்பிக்கடையில் மடக்கினார். செத்த மண்டலம் என்று ராணுவமே, அதாவது ஊரே, பெயர் வைத்திருக்கிறது, செத்தவளுக்குக் கணவன் என்று ஒருவன் கிடையாது, மேற்றிராணியாரிடம் எழுதிக் கேட்டால் மறுமணத்துக்கு அனுமதி தருவார், மோர்ஃபுவிலிருந்து வந்த ஒரு அகதிக் குடும்பத்தில் நல்ல பெண் இருக்கிறாள் என்று நீளமாகப் பேசினார்.

"ஃபாதர், செத்தவ அடுப்பு ஊதுவாளா?"

"அது ஒரு பேச்சுக்குப்பா."

"செருப்பு எறிவாளா? போன வாரம் உங்க தொப்பி மேலதானே விழுந்துச்சு."

பாதிரியார் தொப்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேச்சை ஆலிவ் விலைக்கு மாற்றினார். அந்த வார்த்தையின் பொருள் குறித்து எங்கள் ஊரில் நடந்த கடைசி இறையியல் விவாதம் அதுதான்.

நியாஸிக்குத் தூக்கம் வரவில்லை. ஏணி அவன் கூரையில் அப்படியே சாய்ந்திருந்தது. ஒரு நாட்டையே இரண்டாக வெட்டியவர்கள் பெயர் தெரியாமல் எங்கோ இருந்தார்கள், ஏணியைத் திருப்பிக் கொடுக்காதவன் மட்டும் பெயரோடு, விலாசத்தோடு அங்கே இருந்தான். அவன் மனைவியே அவனை ஏணி என்றுதான் கூப்பிட்டாள். சாயங்காலங்களில் அவன் கூரையேறி, டெஸ்போவின் தலைக்கு மேலாக லோய்ஸோஸிடம் கத்திப் பேசுவான். கிரேக்க மொழி அவனுக்கு எங்களைவிடச் சுத்தமாக வரும், குறிப்பாகத் திட்டும்போது.

"மச்சான், நேத்து ராத்திரி தூக்கி எறிஞ்சிடலாம்னு பாத்தேன். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கிட்டான்."

"எறியாதடா. உடைஞ்சா அதுக்கும் சேத்துக் கோவிச்சுப்பா."

"இரவல் வாங்கினவன் பேசலாமா?" என்று நடுவிலிருந்து டெஸ்போ கேட்பாள். நியாஸி கூரையிலிருந்து இறங்கிவிடுவான்.

வழி ராணுவத்திடமே இருந்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த, யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு வழக்கம் அது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கத்துச் சிப்பாய் தன் டிரம்மை நான்கு விரல் முன்னால் நகர்த்துவான். இந்தப் பக்கத்துச் சிப்பாயும் தன் டிரம்மை நான்கு விரல் முன்னால் நகர்த்துவான். காலையில் நீலத்தொப்பிக்காரன் டேப்போடு வருவான். இரண்டு பக்கமும் நெஞ்சில் கைவைத்து, டிரம் சண்டை நின்ற நாளிலிருந்து இதே இடத்தில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்யும், எழுதியும் கொடுக்கும். கண்டனம் பதிவாகும். டிரம் மூன்று விரல் பின்னால் போகும். ஒரு விரல் லாபம். இப்படித்தான் எங்கள் நாட்டில் நிலம் பிடிக்கப்படுகிறது. நியாஸி இதைக் கூரையிலிருந்து வருடக்கணக்காகப் பார்த்தான். பிறகு ஒருநாள் அனத்தோலியாவிலிருந்து வந்திருந்த புதுச் சார்ஜெண்டுக்கு ஒரு கூடைத் திராட்சை கொடுத்து, காவல் மேடைக்கு ஏற நல்ல ஏணி ஒன்று தன்னிடம் சும்மா கிடக்கிறது என்றான். சார்ஜெண்ட் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். காற்றுக்கு விழாமல் இருக்க ஏணியை டிரம்மோடு சேர்த்துக் கம்பியால் கட்டினான் நியாஸி. அன்றிலிருந்து அது ராணுவத் தளவாடம். டிரம் நகர்ந்தால் ஏணி நகரும்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று லோய்ஸோஸ் கேட்டான்.

"ஒரு நாளைக்கு ஒரு விரல். மழைக்காலத்துல அரை விரல்."

"நாளைக்குத் தரேன்னு சொன்னவன்தானேடா நீ."

"தந்துட்டுதானே இருக்கேன்."

இந்தப் பக்கம் லோய்ஸோஸ் தன் வேலையைச் செய்தான். துருக்கி டிரம் நகர்ந்ததை எங்கள் சிப்பாய்கள் மேலே சொல்லாமல் இருக்கவேண்டும். அதற்காக அவன் மாதம் ஒருமுறை வறுத்த கோழியும் ஸிவானியா சாராயமும் கொண்டுபோய்க் கொடுத்தான். குடித்த சிப்பாய்க்கு ஒரு விரல் தெரியாது. ஊரும் ஒத்துழைத்தது. எங்கள் ராணுவத்துக்கு இப்படி ஒரு ஊர் துரோகம் செய்ததாக வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஏணிக்காகத்தான் என்று ராணுவத்திடம் சொல்லவும் முடியாது. டிரம் சுவரைச் சுற்றி வளைந்து, தயிர்ச் சட்டிகளைத் தாண்டி, முற்றத்தின் கால்வாசிக்கு வந்துவிட்டது. டெஸ்போ ஒருமுறை மூக்கை உறிஞ்சி, "பைன் வாசனை வருதே" என்றாள். லோய்ஸோஸ் அன்று வீட்டுக்கு ஓடியே போனான்.

எண்பதுகளின் நடுவில் புதிதாக வந்த ஒரு நீலத்தொப்பிக் காப்டன், டேப்பை நம்பாமல் மூன்று கால் வைத்த ஒரு கருவியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அவருக்கு ஸிவானியா ஒத்துக்கொள்ளாது. ஒரே மத்தியானத்தில் இரண்டு டிரம்களும் பழைய இடத்துக்குப் போயின. ஏணி நியாஸியின் சுவரில் போய் நின்றது. நியாஸி கூரையிலிருந்து இறங்கவில்லை. லோய்ஸோஸ் சில நாட்கள் கம்பியருகே வரவில்லை. வீட்டில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னான், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். அப்படி இருப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை, யாருக்கும் வரும். பிறகு ஒரு சாயங்காலம் கால் தானாக அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது. வாயைத் திறப்பதற்கு முன்பே டெஸ்போ பேசினாள்.

"கொஞ்ச நேரமா சத்தத்தயே காணோம். போயிட்டியா?"

"இருக்கேன்."

"தொண்ட என்ன இப்படி இருக்கு? சளி புடிச்சிருக்கா?"

"ஆமா."

"புதினாவ வெந்நீர்ல போட்டுக் குடி. ஏணி வந்துச்சா?"

"வருது."

"இல்ல" என்பதற்குப் பதிலாக அவன் "வருது" என்றது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் தங்கள் பாட்டைத் திருத்திக்கொண்டார்கள். மறுநாள் நியாஸி அடுத்த சார்ஜெண்டுக்கு அடுத்த கூடைத் திராட்சையைக் கொண்டுபோனான். ஒரு விரல், அரை விரல், ஒரு விரல். டென்மார்க்காரர்கள் போனார்கள், மற்றவர்கள் வந்தார்கள், அர்ஜெண்டினாக்காரர்கள் வந்தார்கள். முற்றத்துக் கோழியின் புகார் ஓயவில்லை. இதற்குள் ஊரில் எல்லோரும் லோய்ஸோஸை அவன் என்று சொல்வதை நிறுத்தியிருந்தார்கள். அவர் என்றார்கள். காது மடல் நீண்டு, முதுகு வளைந்து, வெள்ளை மீசையின் நுனி கீழே இறங்கி, அவர் செத்துப்போன தன் அப்பா யாகூமிஸைப் போலவே நடந்தார்.

2003 ஏப்ரலில் தலைநகரில் யாரும் எதிர்பாராத ஒரு காலையில் எல்லைக் கதவுகளைத் திறந்தார்கள். ஜனம் பலகாரப் பொட்டலமும் பழைய வீட்டுச் சாவியுமாக இரண்டு பக்கமும் வரிசையில் நின்றது. எல்லா நிறத் தொப்பிக்காரர்களும் அங்கே கூட்டம் சமாளிக்கப் போய்விட்டார்கள். பெட்ரோமிலியில் ஒரு வாரம் டேப் பிடிக்க ஆளில்லை. நகர்த்துகிறவர்கள் இருந்தார்கள். நான்கு விரல் நான்கு விரலாகவே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துருக்கிச் சிப்பாய் பழக்கத்தில் தள்ளிய டிரம் அத்திமரத்தின் வேரில் இடித்து நின்றது. ஏணி சரிந்து மரத்தின் கவையில் டக்கென்று சாய்ந்தது. நியாஸி அந்த நேரம் வீட்டில் இல்லை. அரைநாள் வரிசையில் நின்று, கையில் ஒரு பெரிய ஹலூமியோடு தெற்கே வந்து, லோய்ஸோஸின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சண்டைக்குப் பின் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம். இத்தனை வருடம் கத்திப் பேசிப் பழகியதால் பக்கத்தில் நின்றும் கத்தினார்கள்.

சத்தம் கேட்டு லெப்டினன்ட் ஒகாம்போ வந்தார். அவர்தான் தலைநகருக்குப் போகாமல் மீந்தவர், பல்வலி. முற்றத்துக்குள் ஏணி நிற்பதைப் பார்த்தார். இரண்டு சார்ஜெண்டுகளையும் கூப்பிட்டார்.

"இந்த டிரம் நகர்ந்ததா?"

"ஒரு விரல்கூட இல்ல," என்றார் துருக்கிச் சார்ஜெண்ட். "சண்டை நின்ன நாள்லேருந்து இங்கதான் இருக்கு. மாசாமாசம் எழுதிக் குடுத்திருக்கோம்."

"அப்ப இந்த ஏணி?"

"அது டிரம்மோட கட்டினது."

ஒகாம்போ எங்கள் சார்ஜெண்டைப் பார்த்தார். ஒப்புக்கொள்ளாவிட்டால் தன் டிரம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். "நகரல," என்றார் அவரும். ஒகாம்போ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். டிரம் நகரவில்லை. ஏணி டிரம்மோடு கட்டியது. ஆகவே ஏணி சண்டை நின்ற நிமிஷத்திலிருந்து இங்கேதான் இருக்கிறது. எதுவும் சேர்க்கப்படவில்லை. அவர் மலையைப் பார்க்கத் திரும்பினார். இது ஹோல்ம் விட்டுப்போன வழக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

டெஸ்போ திரும்பினாள். ஏணியைப் பார்த்தாள். கிட்டே போய் ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு கம்பியருகே நின்ற வெள்ளை மீசைக் கிழவரைப் பார்த்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக அருகே வந்தாள்.

"மாமா, நீங்க எப்ப வந்தீங்க? குண்டு விழற நேரத்துல வயசானவர் வெளிய வரலாமா? உங்க புள்ள எங்க?"

நான்தான் என்று லோய்ஸோஸ் சொல்லியிருக்கலாம். இருபத்தொன்பது வருடம் கழித்து அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறார்.  அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். மாமனாரிடம் புருஷனைப் பற்றி முறையிட இத்தனை நல்ல சந்தர்ப்பம் இதற்குமுன் அவளுக்கு வாய்த்ததில்லை.

"என்ன புள்ள பெத்தீங்க மாமா? என் அப்பா குடுத்த ஏணியத் தூக்கி அந்த நியாஸிக்குக் குடுத்துட்டான். நியாஸி வாங்கினா திரும்புமா? போன தடவ வாங்கின சல்லடை இன்னும் வரல."

பக்கத்தில் நின்ற நியாஸி தரையைப் பார்த்தார். சல்லடையை அவர் மறந்தே போயிருந்தார்.

"அவன் ஒரு முட்டாள்மா," என்றார் லோய்ஸோஸ்.

"அப்படிச் சொல்லாதீங்க. முட்டாள் இல்ல. என்னைக் கேக்கமாட்டேங்கறான், அவ்வளவுதான். அப்பலேருந்து அந்தக் கம்பிகிட்ட நின்னு கூப்பிட்டுட்டே இருக்கான், பாவம், தொண்டையே போயிடுச்சு. இருங்க, காப்பி பொங்குது."

அடுப்பில் நுரை அரை விரல் ஏறி விளிம்பைத் தொட்டது. அவள் கோப்பையில் ஊற்றி, கம்பிக்கு மேலாக நீட்டினாள். லோய்ஸோஸ் வாங்கி, மூன்று முறை ஊதி, ஒரு வாய் குடித்தார். நாக்கு சுட்டது.

"சக்கர போடல," என்றார்.

வேண்டுமென்றேதான் போடவில்லை. அந்தக் கோபம் காப்பியில் அப்படியே இருந்தது. ஆனால் யாகூமிஸ் மாமா வாழ்நாளில் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டவர் அல்ல. டெஸ்போ அவரை நிமிர்ந்து பார்த்தாள். மீசையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கண்ணைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பக்கத்தில் பல் போன நியாஸியையும் பார்த்தாள். பிறகு கம்பியினூடே கையை விட்டு அந்த மீசையைத் தொட்டாள்.

"ஒரு ஏணிய வாங்கிட்டு வர இவ்வளவு நேரமா?"

"இவன் லேட் பண்ணிட்டான்."

"இது எப்ப நரைச்சுது?"

"நீ திரும்பி நின்னுட்டு இருந்தப்ப."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கம்பியைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தாள். அப்போது பின்னால் கோழி முட்டையிட்டு முடித்தது. ஒகாம்போ மலையைப் பார்த்து முடித்துவிட்டு, அன்றைய அறிக்கையில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஏணி முற்றத்துக்குள் வந்தால் முகத்தில் விழிப்பேன் என்று அவள் சண்டை நிற்பதற்கு முன்பே சொல்லியிருந்தாள். ஊரே சாட்சி. புதிதாக எதுவும் நடக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. அடுத்த மாதப் பரிசோதனையில் ஒரு பெண் குறைவதாக இரண்டு ராணுவமும் கண்டனம் தெரிவித்தன. குறைந்ததற்கு ஈடாக முற்றத்தைத் தங்களுக்குத் தரவேண்டும் என்று இரண்டு பேருமே கேட்டார்கள். ஒகாம்போ டெஸ்போவின் வீட்டுக்கு வந்து, மாதம் ஒருநாள், ஒரு மணிநேரம், பழைய இடத்தில் முதுகைக் காட்டி நிற்க முடியுமா என்று கேட்டார். படையின் கிடங்கிலிருந்து சர்க்கரை தருவதாகச் சொன்னார். அவள் ஒத்துக்கொண்டாள். அவருக்குப் பின் வந்த அதிகாரிகளும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. மாற்றுவது அவர்கள் வேலையும் அல்ல.

அவர்களை இப்போது ஊரில் யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. லார்னகாவில் துணிக்கடைக்காரன் மட்டும் "மகளுக்கா?" என்று கேட்பான். மனைவிக்கு என்பார் லோய்ஸோஸ், போர்ச் சமயத்தில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்பார். டெஸ்போவுக்கு மற்றவர்களைப் போலவே வருடத்துக்கு ஒரு வயது கூடுகிறது, பரிசோதனை நாட்களில் ஒரு மணிநேரம் குறைவாக. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தானும் உள்ளே போய் அவள் பக்கத்தில் நிற்கலாமா என்று ஒருமுறை அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். சேர்க்கக் கூடாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டார். பெட்ரோமிலியின் இரண்டு பாதியிலும் இரவல் வாங்கிய பொருளை அன்று பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுகிறார்கள். நியாஸியின் வீட்டிலிருந்து சல்லடையும் வந்துவிட்டது.

பரிசோதனை நாளில் லோய்ஸோஸ் கம்பியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நீலத்தொப்பிக்காரர்கள் எண்ணுவார்கள்: அடுப்பு ஒன்று, மரம் ஒன்று, ஏணி ஒன்று, பெண் ஒன்று. சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். டெஸ்போ திரும்பமாட்டாள். பின்னல் மட்டும் தெரியும், அதில் இப்போது இரண்டு மூன்று நரை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கூப்பிடுவார்.

"டெஸ்போ."

"ஏணி வந்துச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப இரு, வரேன்."